மனக்கணக்கும் உத்தியோகமும்

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் உத்தியோகம் நாடும் வாலிபர்க்குச் சர்க்காரின் நான்காம் தொகுதிப் பரீட்சையே பெருவாயில். வினாக்கள் 200, காலம் 3 மணி. வினாவொன்றுக்கு 54 விநாடியே! அவற்றுள் 25 கணக்கும் புத்திக்கூர்மையும் பற்றியவை. காகிதத்தில் நீட்டிப் போடுபவன் பின்தங்குவது திண்ணம்.

விலையை 20 சதவிகிதம் ஏற்றிப் பின் 20 சதவிகிதம் இறக்கினால் நஷ்டம் எவ்வளவு? சூத்திரம் எதற்கு? நூறென்று வைத்துக்கொள்க, 120 ஆகும், பிறகு 96. நஷ்டம் 4 சதவிகிதம்.

திண்ணைப் பள்ளிச் சிறுவன் 320-இல் ஒரு பங்கான முந்திரியையும் 80-இல் ஒரு பங்கான காணியையும் எண்சுவடியில் மனனம் செய்தான். அதைக் குருட்டுப் பாடமென்று ஆங்கிலம் கற்ற நாம் இகழ்ந்தோம். இன்றோ அவ்வித்தையையே நகரங்களில் பணங்கட்டிக் கற்கின்றனர். பணமில்லாக் கிராம வாலிபன் என் செய்வான்? பள்ளிகளில் மனக்கணக்குக்குத் தினம் கால் மணி ஒதுக்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.