சுவருக்கு எந்த நிறம்?

மழைக்காலத்தில் நோட்டன் பிரிட்ஜ் மலைகளில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். அவ்வேளையில் விளக்கின்றிப் பாடம் படிக்க இயலுமா என்பதை நிர்ணயிப்பது சன்னல் மாத்திரமன்று. சுவரின் நிறமும் ஆகும்.

1965ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திரா மின்நிலையம் இவ்வூரிலேயே அமைந்துள்ளது. ஆயினும், அதன் பின்னரும் நெடுங்காலம் மலையகத்து லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவில் அச்சிறு சுடரைப் பெருக்கிக் காட்டியது வெள்ளைச் சுண்ணாம்பே.

வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பியனுப்பும். கருநீலமும் கரும்பச்சையும் 10 பங்கு அளவே திருப்பும். வெண்சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்கும் கூரைக்கும் சென்று மீண்டும் மீண்டும் பயன்படும். கருஞ்சுவரில் பட்டதோ பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

“குளிர்நாட்டுக்குக் கருநிறமே கதகதப்பு” என்பார் உளர். வெயில் படாத உட்சுவரில் அது கண்ணுக்குத் தோன்றும் கதகதப்பேயன்றி உண்மை வெப்பமன்று. அடுப்பின் அனலைப் பொறுத்தவரை வெள்ளைப் பூச்சும் கரிய பூச்சும் ஏறத்தாழ ஒரே தன்மையன. அந்தத் தோற்றம் வேண்டுவோர் சுண்ணாம்பில் சிறிது மஞ்சட்காவி கலக்கலாம். இளமஞ்சள் நிறம் ஒளியையும் அதிகம் விழுங்காது. மிகுதியாக நீலம் கலந்தாலோ மூடுபனி நாளில் அறை மேலும் குளிர்ந்ததாகத் தோன்றும்.

கருநிறத்துக்கும் இடமுண்டு. பெரிய சன்னல்கள் உள்ள விசாலமான பங்களா அறைக்கு அது அழகூட்டும். சிற்றறையில் குழந்தைகளின் கையும் எண்ணெய்த் தலையும் படும் கீழ்ச்சுவரில் மூன்றடி உயரத்துக்குக் காவிக் கரை இட்டால் போதும்.

“கரும்பூச்சில் புகைக்கரி தெரியாதே!” எனச் சில இல்லத்தரசிகள் கூறலாம். கரி தெரியாதிருப்பது வேறு, இல்லாதிருப்பது வேறு. வெண்சுவர் கறுக்கும்போதுதான் வீட்டாரின் நெஞ்சுக்குள் எவ்வளவு புகை செல்கிறது என்பது விளங்கும். அது புகைபோக்கியைச் சீர்செய்யச் சொல்லும் எச்சரிக்கை.

ஆகவே, பொங்கலுக்கு முன் நல்ல வெயில் நாளில் கரியையும் பூஞ்சணத்தையும் சுரண்டியெடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தை எளிதில் வளரவிடாது. கண்ணில் தெறிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை படிக்கும் மூலையிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.