அதிதி உபாத்தியாயர்கள்

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பாறையிலேயே செதுக்கப்பட்ட அத்திருமேனி சுமார் 24 அடி நீளமுள்ளது. ஊரை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாக வீற்றிருக்கின்றன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள பழைய கல்வெட்டொன்று அறிவிக்கிறது. சமணத் துறவிகள் உறைந்த இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் பாடம் கேட்கும் இடத்துக்கும் அப்பெயரே நமது பாஷையில் வழங்கலாயிற்று. இம்மூன்றாவது பள்ளியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டியர் காலத்துப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. கோட்டையைக் காண அந்நிய தேசத்தார் இனிப் பெருந்திரளாக வருவர் என எதிர்பார்க்கலாம். காண வருவோரைப் பின்தொடர்ந்து தொண்டு செய்ய வருவோரும் வருவது உலக வழக்கம். மேல்நாட்டுக் கலாசாலை மாணவர்கள் விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் ஒரு கிராமத்தில் தங்கி, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்புவதைச் சேவைப் பிரயாணம் என்கிறார்கள். இதற்கு ஏற்பாடு செய்யும் ஸ்தாபனங்கள் பல. அவற்றுட் பல மாணவர்களிடமே கட்டணமும் பெறுகின்றன. அத்தகைய குழுவொன்று சிங்கவரத்துக்கோ அதுபோன்ற வேறொரு கிராமத்துக்கோ வந்து நின்றால், தலைமை உபாத்தியாயர் என்ன விடை கூறுவது? முன்கூட்டியே யோசித்து வைப்பது நலம்.

ஆங்கிலம் வேண்டாமென்று நாம் கூறப்போவதில்லை. அப்பாஷையைக் கற்று, அதிலேயே வழக்காடிப் பிழைத்தவருக்கு அதைத் தூஷிக்கும் யோக்கியதை கிடையாது. 1968-ஆம் வருஷம் முதல் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையை நமது ராஜ்யம் கைக்கொண்டிருக்கிறது. கிராமத்துப் பிள்ளை உயர்தரக் கல்விக்கும் உத்தியோகத்துக்கும் செல்லும் வழியில் ஆங்கிலம் ஒரு சுங்கச்சாவடியாக நிற்கிறது என்பதை எந்தத் தகப்பனும் அறிவான். ஆகையாலேயே அதை யார் கற்பிப்பது, எத்தனை காலம் கற்பிப்பது என்பது விளையாட்டு விஷயமன்று.

இனாமாகக் கற்பிக்கிறார்களே என்று கூசி நிற்பவர்களுக்குச் சரித்திரத்திலிருந்து ஒன்று சொல்வோம். 1690-இல், ராஜாராமின் ஆட்சி செஞ்சியில் நடந்த காலத்தில், கடலூரில் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற இடத்தை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலைக்கு வாங்கியவர், அப்போது சென்னைக் கவர்னராயிருந்த எலிஹு யேல். ஊழல் குற்றச்சாட்டுக்களின் பேரில் 1692-இல் அவரைக் கம்பெனி பதவியிலிருந்து நீக்கிற்று. ஆயினும் சென்னையில் சேர்த்த பொருள் அவரிடம் தங்கிவிட்டது. 1718-இல் அவர் அமெரிக்காவிலுள்ள ஒரு சிறு கலாசாலைக்கு 9 மூட்டைச் சரக்குகளும், 417 புஸ்தகங்களும், ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலை போயிற்று. கலாசாலை அவர் பெயரைச் சூடிக்கொண்டது. யேல் சர்வகலாசாலை என்று உலகம் புகழ்வது அதுவே. ஆகவே, அமெரிக்க மாணவர் ஒருவர் செஞ்சிச் சீமைக்கு வந்து கரும்பலகை முன் நின்றால், யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதில் நாம் அதிகமாகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அமெரிக்கர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த கதை யாழ்ப்பாணத்தில் மிகப் பழமையானது. 1816-இல் அங்கே வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி நிறுவினர். ஆங்கிலத்தின் வழியே கிறிஸ்து மதம் பரவும் என்பது அவர்களுடைய எண்ணம். மாணவர்களோ ஆங்கிலத்தை இறுகப் பற்றிக்கொண்டு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போயினர். போட்ட கணக்கு பலிக்கவில்லை என்று கண்டு 1855-இல் மிஷன் செமினரியை மூடிவிட்டது. அதில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் ஏட்டுச் சுவடிகளில் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். கற்பிப்பவர் நினைப்பதொன்று, கற்பவன் கொள்வதொன்று! அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிரீன் 1847-இல் வந்தவர். வைத்தியத்தை ஆங்கிலத்தில் கற்பித்துப் பார்த்து, பிறகு 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவர் மூன்று வாரம் தங்கியவரல்லர்.

மதுரையின் அநுபவமும் கவனிக்கத்தக்கது. ஓஹியோவிலுள்ள ஓபர்லின் கலாசாலையார் ஷான்ஸி என்னும் சீன மாகாணத்தின் பெயரால் 1908-இல் ஒரு சங்கம் அமைத்து, தம் வாலிபப் பட்டதாரிகளை அங்கே ஆங்கிலம் கற்பிக்க அனுப்பி வந்தனர். 1949-இல் ஆட்சி மாறிச் சீனக் கதவு மூடப்பட்ட பின், அவர்கள் நாடிய இடங்களுள் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் ஒன்று. வந்தவர்கள் இரண்டு வருஷம் தங்கினர். இரண்டு வருஷம் தங்குகிறவன் வெயிலையும் மழையையும் காண்பான், பரீட்சையையும் காண்பான், தான் கற்பித்தது நின்றதா, நீங்கிற்றா என்பதையும் காண்பான்.

மூன்று வாரக் கணக்கைப் பாருங்கள். முதல் வாரம் வெயிலும் ஆகாரமும் பழக வேண்டும். இரண்டாம் வாரம் பிள்ளைகளின் பெயர்கள் நாவில் படியும். மூன்றாம் வாரம் பிரிவுபசாரக் கூட்டத்துக்குப் பாட்டு ஒத்திகை. இதற்கிடையில் கால அட்டவணை கலைந்து, கணக்குப் பாடம் பின்தள்ளப்படும். அடுத்த குழு வந்தால் மறுபடியும் அதே வர்ணங்கள், அதே மிருகங்கள், அதே பாட்டு. பிள்ளைகளின் சந்தோஷம் பொய்யன்று. அந்நிய முகத்தின் முன் கூச்சம் விட்டு நாலு வார்த்தை பேசத் துணிவதும் ஒரு லாபமே. ஆனால் பெரிய லாபம் வந்தவருக்குத்தான். 1968-இல் இவான் இல்லிச் என்னும் பாதிரியார், மெக்ஸிகோவுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களை நோக்கி, காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்னும் கருத்துப்படக் கடுமையாகப் பேசினார். அவ்வளவு தூரம் போக நமக்குச் சம்மதமில்லை. அவரது கோபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறோம்.

தலைமை உபாத்தியாயர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்திய சர்க்காரின் மின்னணுச் சுற்றுலா விசா, ஊதியமோ பிரதிபலனோ இல்லாத குறுகிய காலத் தொண்டுக்கு ஒரு மாதம் வரைதான் இடம் தருகிறது. வருகிறவர் எந்த விசாவில் வருகிறார்? 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் அமலில் இருக்கிறது. முன்பின் அறியாத வயது வந்தவர்களை வகுப்பில் உபாத்தியாயர் இல்லாமல் பிள்ளைகளுடன் தனியே விடலாகாது. வறுமையைக் காட்டும் புகைப்படம் எடுக்க யார் அநுமதித்தது? வக்கீல் புத்தி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இவற்றுக்கு நேரான விடை வந்தால், வேலையைத் தலைகீழாக மாற்றலாம் என்பது நமது யோசனை. பாடம் நடத்துவது நமது உபாத்தியாயரே, வந்தவர் துணை. மாலையில் பிள்ளைகள் வந்தவரைத் திருநாதர்குன்றுக்கு அழைத்துச் சென்று, கண்டதை ஆங்கிலத்தில் விளக்கட்டும். சொல்லத் தெரிந்த விஷயம் தன் ஊரில் இருக்கும்போது பாஷை தானே வந்து சேரும். பதிலுக்கு வந்தவர் தமிழ் எழுத்துக்களைப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளட்டும். தப்பாக உச்சரிப்பது அவமானமன்று என்பதை அவர் நாக்கு அவர்களுக்குக் கற்பிக்கும்.

நம் வாலிபர்கள் எங்கே என்று கேட்கலாம். நியாயமே. இதே விழுப்புரம் ஜில்லாவில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் துவக்கப்பட்டது. கோவிட் நோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களின் நஷ்டத்தை ஈடுசெய்ய, உள்ளூர்த் தொண்டர்கள் மாலைதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். அவர்கள் பெற்றது மாதம் 1,000 ரூபாய். அவர்களைப் படம் பிடிக்க யாரும் கடல் கடந்து வரவில்லை. சென்னைக் கலாசாலை மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமோடு நின்றுவிடாமல், வருஷம் முழுவதும் ஒரே கிராமத்துக்கு மாதமொருமுறை வந்து போகக் கூடாதா?

போருக்குப் புறப்படுமுன் விடைபெற வந்த ராஜா தேசிங்குக்குச் சிங்கவரத்துப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊரார் கதை. 1714-இல் ஆற்காட்டு நவாபின் சேனையோடு பொருது அவன் மாண்டான். அந்தக் கதையை ஒரு சிறுமி ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியேனும் சொல்லி முடிக்க வேண்டும். வந்திருக்கும் அதிதி குறிப்புப் புஸ்தகத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்துக்கு நமது பூரண சம்மதம்.