வேட்டை இறைச்சியைக் குளிர்வித்தல்

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில், உரிமம் பெற்றோர் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடும் பருவம் இலையுதிர் காலமாகும். வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 300 கிலோகிராம் எடையுள்ளது. அது வீழ்ந்த இடத்திற்கும் வண்டிப் பாதைக்கும் இடையே பல கிலோமீட்டர் தொலைவு இருக்கக்கூடும். இறைச்சியைக் கோவேறு கழுதையின் மீதோ மனிதர் முதுகின் மீதோ ஏற்றியே கொணர வேண்டும். இரவில் நீர் உறையும் குளிருள்ள அம்மலைகளில் இறைச்சி கெடாது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், தோலுரிக்காமல் ஓரிரவு விடப்பட்ட விலங்கின் பின்னந்தொடை, மறுநாள் எலும்பை ஒட்டி அழுகியிருப்பதுண்டு. அத்தகைய இறைச்சி உணவுக்கு உதவாது.

இதற்குக் காரணம் யாது? உயிருள்ள மானின் உடல் வெப்பநிலை சுமார் 38 டிகிரி சென்டிகிரேடு. இறந்தபின் குருதியோட்டம் நின்றுவிடுவதால், உள்ளிருக்கும் வெப்பம் தசையினூடே மெல்லக் கடந்துதான் மேற்பரப்பை அடைய இயலும். தோலும் அடர்ந்த மயிரும் கம்பளிபோல் அதனைத் தடுக்கின்றன. ஒரே வடிவமுள்ள இரு துண்டுகளில் ஒன்று இருமடங்கு தடிப்புடையதாயின், அதன் நடுப்பகுதி குளிர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரமாகும். வெதுவெதுப்பான, பிராணவாயு எட்டாத அந்த ஆழத்தில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன.

ஆகவே அனுபவமுள்ளோர் காலந்தாழ்த்தாது குடலை நீக்கித் தோலுரிக்கின்றனர். பின்னர் உடலை முன்கால், பின்கால் எனத் தனித்தனியே பிரித்து, நிழலிலுள்ள மரக்கிளையில், காற்று எல்லாப் பக்கமும் படுமாறு தொங்கவிடுகின்றனர். ஈக்கள் அணுகாதிருக்க மெல்லிய பருத்தித் துணிப் பையால் மூடுகின்றனர். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகும்பொழுது, ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியாலேயே. காய்ந்த மேற்பரப்பு ஏடுபோல் இறுகிக் கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்கிறது. சூடான இறைச்சியைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டினால் வெப்பமும் ஈரமும் வெளியேற வழியில்லாமற் போகும்.

மட்டுமீறிய விரைவும் தீங்கே. தசை விறைக்குமுன் 10 டிகிரிக்குக் கீழ் குளிர்வித்தால், அது சுருங்கிக் கடினமாகும் என்பதை 1963-ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்களான லாக்கரும் ஹாக்யார்டும் வெளியிட்டனர். எலும்பிலிருந்து உடனே பிரித்த தசை இவ்வாறு சுருங்க மிகவும் இடமுண்டு. எலும்பு அதனை இழுத்துப் பிடித்து வைப்பதால், விறைப்பு அடங்கும்வரை எலும்போடு விடுதல் நன்று.

அலாஸ்காவில், வேட்டையாடிய விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியை வீணே விட்டுவருவது குற்றமாகும். கொன்ற உயிரின் இறைச்சி பாழாகலாகாது என்பதே அச்சட்டத்தின் கருத்து.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பொதுவாகத் தடை செய்கிறது. எனினும், சிற்றூர்களில் அறுக்கப்படும் ஆட்டிற்கும் வெப்பத்தின் விதி ஒன்றே. நம் வெப்பமான காற்றில் தொங்கவிடுவது மட்டும் போதாது. விரைவில் சமைத்தலோ பனிக்கட்டியில் வைத்தலோ வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஒரே அளவுள்ள மூன்று உருளைக்கிழங்குகளை வேகவைத்து, ஒன்றை முழுதாகவும், ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றியும், ஒன்றை நான்காக வெட்டியும் வையுங்கள். அரைமணி நேரங்கழித்து ஒவ்வொன்றின் நடுவிலும் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால், மாணவர் தாமே விடை கூறுவர்.