பழவேற்காட்டில் பிறந்தநாள்: ஆபத்துகளும் உரிமைகளும்

வளர்ந்த பிள்ளையின் 18, 21 அல்லது 25ஆம் பிறந்தநாளைத் திறந்த வெளியில் கொண்டாட விரும்பும் மீஞ்சூர், பொன்னேரிக் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது பழவேற்காடு. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, பூநாரைகள் வந்து இறங்கும் பறவைகள் சரணாலயம், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், கடற்கரை, சுடச்சுட மீன் சாப்பாடு என ஒரு நாள் பொழுதுக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. கரையில் நின்று கொண்டாடும்வரை பெரிய ஆபத்து எதுவும் இல்லை. படகில் ஏறும்போதும் முகத்துவாரத்தில் குளிக்க இறங்கும்போதும்தான் உயிர்கள் போயிருக்கின்றன.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை. கும்மிடிப்பூண்டிப் பகுதியிலிருந்து உறவினர்களாகச் சேர்ந்து உல்லாசப் பயணம் வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இதையடுத்து, சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. தடையை மீறிச் சவாரி நடப்பதாகப் பின்னரும் பலமுறை செய்திகள் வந்துள்ளன. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று நடந்த விபத்திலும் இறந்தவர்கள் 22 பேர்தான். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதே அங்கே வினையானது.

பழவேற்காட்டுப் பைபர் படகு வலையும் மீனும் ஏற்றக் கட்டப்பட்டது. அதில் பயணிகளுக்கான இருக்கையும் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. கேக் வெட்டவோ செல்ஃபி எடுக்கவோ பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து ஒரு பக்கம் சாய்ந்தால், அலை இல்லாமலே படகு புரண்டுவிடும். ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது என்பதால் பலருக்குத் துணிச்சல் வருகிறது. ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் ஏரி நீர் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். நீச்சல் தெரிந்த இளைஞரும் அந்த இழுப்பை எதிர்த்து நீந்திக் கரை சேர்வது கடினம். கடற்கரையில் இழுப்பில் சிக்கியவர் அதை எதிர்க்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற முயல வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாதுகாப்பற்ற படகிலோ அளவுக்கு மீறிய பாரம் ஏற்றிய படகிலோ கூலிக்கு ஆளேற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 284ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. “எங்கள் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறோம்” என்று எழுதி வாங்கிய காகிதம் இந்தக் குற்றப்பொறுப்பைத் துடைத்துவிடாது. உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் காப்பீடும் வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். ஆகவே அனுமதி பெற்ற சவாரி என்று எவராவது அழைத்தால், அந்தச் சான்றுகளைக் கேட்கப் பயணிக்கு முழு உரிமை உண்டு. கேட்டுப் பார்த்து, ஏறாமல் திரும்புவது மீனவருக்குச் செய்யும் தீங்கு அல்ல. ஏறிய பிறகு வழக்காகிப் படகு பறிமுதலானால்தான் அவருடைய குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும்.

உயிர்காப்புக் கவசம் பெயருக்குத் தோளில் தொங்கினால் போதாது. எல்லா வார்களையும் இறுக்கிய பிறகு, இன்னொருவர் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கவசம் முகவாய்க்கு ஏறினால் அது அளவில் பெரியது, தண்ணீரில் கழன்றுவிடும். பெரியவர்களுக்கான கவசம் குழந்தைக்கு உதவாது.

மூழ்கியவரைத் தூக்கி வந்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. இரண்டுமே கேடு. மூச்சு இல்லாவிட்டால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நடுமார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. அவசர உதவிக்கு 112, கடலோரப் பாதுகாப்புக் காவலுக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554 ஆகிய எண்களில் அழைக்கலாம்.

கரையிலும் சில எல்லைகள் உண்டு. சரணாலயத்துக்குள் பறவைகளைத் தொந்தரவு செய்வதும் குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானவை. இரை மேயும் பூநாரைக் கூட்டத்தின் அருகே பட்டாசு வெடிப்பதைக் கொண்டாட்டம் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பூசிய தட்டு, குவளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அலங்காரத் தெர்மாகோலும் பலூனின் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டவை. மது அருந்தத் தமிழ்நாட்டில் சட்டப்படியான வயது 21. 18ஆம் பிறந்தநாளுக்கு நண்பர்கள் பாட்டில் வாங்கிக் கொடுப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, தண்ணீர் ஓரத்தில் உயிருக்கும் ஒவ்வாது.

18 நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிறந்தநாளன்று செய்து வைக்கக் கூடிய உருப்படியான வேலைகளில் இது ஒன்று.

விபத்து நடந்துவிட்டால் எல்லையைக் காரணம் காட்டிக் காவல் நிலையம் புகாரைத் திருப்பக் கூடாது. பழவேற்காட்டில் நடந்ததற்கு மீஞ்சூரிலேயே புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் உயர் காவல் அதிகாரிக்கும், பிறகு நீதித்துறை நடுவருக்கும் எழுதலாம். பிறர் தவறால் பிள்ளையை இழந்த பெற்றோர், பிள்ளை வளர்ந்தவரே ஆனாலும், 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி இழப்பீடு கோரலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு விழாவை நடத்தித் தராத ஏற்பாட்டாளர் மீதும், கெட்டுப்போன உணவு தந்தவர் மீதும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவிக்கு 15100. ரசீது, பணம் அனுப்பிய விவரம், படகின் எண் தெரியும் படம், மருத்துவச் சீட்டு, உடற்கூராய்வு அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். இழப்பீட்டு வழக்குக்கும் நுகர்வோர் மனுவுக்கும் காலவரம்பு இரண்டு ஆண்டுதான்.