மலைமேல் ஒரு பொருட்காட்சிச் சாலை

பொருட்காட்சிச் சாலை என்றவுடன் நம்மில் அநேகருக்கு நினைவு வருவது, தூண்களும் வளைவுகளுமாகச் சீமைப் பாணியில் எழுப்பிய பெரிய மாளிகைதான். அதையே கோடைக்கானலில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சற்று யோசிப்போம்.

ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மற்ற நாட்களிலும் மூடுபனி ஜன்னல் வழியே நுழைந்து, விருந்தாளி போல் அறைக்குள் உட்கார்ந்துவிடும். ஊருக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் ஏசு சபையார் 1895-ல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அதைச் சேர்ந்த காட்சிச் சாலைக்காகப் பழனி மலைகளின் பிராணிகளையும் பட்சிகளையும் பூச்சிகளையும் பாதிரிமார் பாடுபட்டுச் சேகரித்தார்கள். இத்தகைய சேகரங்களுக்குப் பரம சத்துரு திருடனல்ல, ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவிகிதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சக்காளான் பிடித்துக்கொள்ளும். ஒரு வண்ணத்துப் பூச்சி அப்படி அழிந்துபோனால், அது பறந்து திரிந்த புல்வெளியே இன்று யூகலிப்டஸ் தோப்பாக மாறியிருக்கும்போது, வேறொன்றை எங்கே போய்த் தேடுவது?

இயற்கையைப் பார்த்துக் கட்டுங்கள் என்கிறார்கள் இக்காலத்துக் கட்டிடச் சிற்பிகள். நல்ல யோசனைதான். ஆமதாபாத்தில் 1990-களில் பாலகிருஷ்ண தோஷி, ஓவியர் ஹுசேனின் சித்திரங்களுக்காக மண்ணுக்கடியில் ஒரு குகையையே நிர்மாணித்தார். தரைக்கு மேலே தெரிவது ஆமை ஓடு போன்ற கூரைகள். உள்ளே மரத்தண்டுகளைப் போலச் சாய்ந்த தூண்கள். கூரையில் பதித்த பீங்கான் சில்லுகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. குஜராத் வெயிலுக்குப் பூமிக்குள் புகுவது மெத்தச் சரி. அழகாயிருக்கிறதே என்று அதையே கோடைக்கானலில் எழுப்பினால், காளானுக்கு அரண்மனை கட்டிக் கொடுத்ததாகும்!

பழனி மலைகளிலேயே நமக்குப் பாடம் கிடைக்கிறது. தாண்டிக்குடி முதலிய இடங்களில் நம் முன்னோர் எழுப்பிய கற்திட்டைகள் இருக்கின்றன. அங்க்லேட் பாதிரியார் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1928-ல் வெளிவந்தது. அவற்றுள் பல மண்ணிலன்றி வெறும் பாறை முதுகின்மேல் நிற்பவை. விழுந்த மழை தேங்காமல் வழிந்தோடிவிடும்.

மரப்பொந்தில் வாழும் தேனீயின் சாமர்த்தியம் இன்னும் பெரிது. நீர் மிகுந்த பூந்தேனைக் கொணர்ந்து, இறகால் விசிறி விசிறி ஈரக் காற்றை வாசல் வழியே தள்ளி, நீரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக ஒடுக்கிவிடுகிறது. பொருளைக் கெடாமல் காப்பதில் அதைவிடத் தேர்ந்தவர் எந்தப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறார்?

ஆகவே பாறைமேல் உயர்த்திய தளம். சோலை மரத்தின் குடைபோல் சுவருக்கு வெளியே நன்றாக இறங்கிய கூரை. சுவரை ஒட்டாமல் நடுவில் வைத்த பெட்டகங்கள். மார்கழி வெயில் தென்புறமாகச் சாய்ந்து விழுவதால், அங்கே சூடேறும் காற்றைக் கீழே உள்ளே விட்டு, உச்சித் துவாரம் வழியே ஈரத்தோடு வெளியேற்றலாம். இது ஆகாசக் கோட்டையல்ல. ஆப்பிரிக்காவில் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் என்பவர், கறையான் புற்றை மனத்தில் கொண்டு, காற்றோட்டத்தாலேயே குளிரும் பெரிய கட்டிடத்தை 1996-ல் முடித்துக் காட்டியிருக்கிறார். மூடுபனி இறங்கும் வேளையில் மட்டும் கதவுகளை மறவாமல் அடைத்துவிட வேண்டும். தேனீயும் தன் கூட்டுக்குச் சிறு வாசல்தான் வைத்திருக்கிறது.