மலிந்த அரிசியும் மெலிந்த தேசமும்

கரீபியக் கடலிலே, ஹிஸ்பனியோலாத் தீவின் மேற்குப் பாகமாக விளங்கும் ஹெய்ட்டி தேசத்தில், ஆர்ட்டிபோனிட் நதி பாய்ந்து வளப்படுத்தும் பள்ளத்தாக்கே நெற்களஞ்சியம். 1980-களின் ஆரம்பம் வரையில் அந்நாட்டு ஜனங்கள் உண்ட அரிசியில் மிகப் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விளைந்தது. இன்றோ ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, கப்பலேறி வருகிறது.

1986-ல் டுவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம் வீழ்ந்தபின், கடன் கொடுத்த சர்வதேச ஸ்தாபனங்களின் நிர்ப்பந்தத்தால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, 1995-ல் அரிசியின் சுங்கவரி வெறும் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஏக்கரை ராட்சத யந்திரங்களால் உழுது, விமானத்திலிருந்து உரம் தூவி, அதற்கும் மேலாக அரசாங்க மானியமும் பெறும் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாகாணத்து விவசாயியோடு, துண்டு நிலத்தை மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் ஹெய்ட்டிக் குடியானவனைச் சந்தையிலே சரிசமானமாக நிறுத்தி, அதற்குச் சுதந்திர வியாபாரம் என்று நாமகரணமும் செய்தார்கள். ஜனங்கள் ‘மயாமி அரிசி’ என்றழைத்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. பட்டணத்து ஏழைக்குச் சில ஆண்டுகள் அது அனுகூலமாகவே இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் விவசாயம் கட்டுபடியாகாமற்போன குடியானவனோ, வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தலைநகரச் சேரிகளுக்குக் குடிபெயர்ந்து, அரிசி விற்றவன் அரிசி வாங்குபவனானான்.

அம்மலிவு எத்தனை காலம் நிலைத்தது? 2008-ல் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களுக்குள் பன்மடங்கு ஏறியது. தன் ஜனங்களை உத்தேசித்து இந்தியா பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்ததும் அதற்கு ஒரு காரணம். ஹெய்ட்டியின் கடைகளில் மூட்டைகள் இருந்தன, வாங்கத்தான் காசில்லை. சித்தே சொலேய் சேரியில் பெண்கள் களிமண்ணை நீரில் கரைத்து வடிகட்டி, உப்பும் கொழுப்பும் கலந்து, வட்ட வட்டமாகத் தட்டி வெயிலில் காயவைத்து விற்க, ஏழைகள் அதையும் தின்று வயிற்றை நிரப்பினார்கள். குடலை எரிக்கும் அப்பசிக்குத் துணி வெளுக்கும் குளோராக்ஸ் திராவகத்தின் பெயரையே சூட்டினார்கள். ஏப்ரலில் கலகம் மூண்டது. பிரதமர் ஜாக் எதுவார் அலெக்சி பதவியிழந்தார். தானியப் பஞ்சத்தால் விளைந்த பசியன்று இது. தானியத்தை விளைவிக்கும் சக்தியையே ஒரு தேசம் பறிகொடுத்ததால் விளைந்தது.

வரி குறைந்த காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாகவும், அதற்கு முன் ஆர்க்கன்சா கவர்னராகவும் இருந்த பில் கிளின்டன், 2010 மார்ச்சில் செனட் சபைக் குழுவின் முன், அக்கொள்கை தம் மாகாணத்து விவசாயிகளுக்கு நன்மை செய்திருக்கலாம், ஹெய்ட்டிக்கு உதவவில்லை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் ஹெய்ட்டி தன் சோற்றுக்குக் கப்பலையே நம்பியிருக்கிறது.