மனத்துக்குள் ஒரு பூர்வபட்சம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சார்லஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் என்னும் உளவியலாளர் மூவர், மரண தண்டனை வேண்டும் என்போர் 24 பேரும் வேண்டாம் என்போர் 24 பேருமாக மாணவர்களைக் கூட்டி, அத்தண்டனையால் கொலைகள் குறைகின்றனவா என்பது பற்றிய இரண்டு ஆராய்ச்சிகளை அவர்களிடம் படிக்கக் கொடுத்தனர். ஒன்று, சட்டம் வருமுன்னும் வந்தபின்னும் நிகழ்ந்த கொலைகளை ஒப்பிட்டது. மற்றொன்று, சட்டம் உள்ள மாநிலத்தை அது இல்லாத அண்டை மாநிலத்தோடு ஒப்பிட்டது. ஒன்று தண்டனை பயன் தருகிறது என்றது. மற்றது இல்லை என்றது. இரண்டுமே ஆய்வாளர்கள் கற்பித்து எழுதியவை. அன்றியும், எந்த முறைக்கு எந்த முடிவு என்பதைப் பாதிப்பேருக்கு மாற்றியே கொடுத்திருந்தார்கள்.

இருதரப்புச் சான்றும் ஒருங்கே கண்முன் கிடந்தால் ஆவேசம் தணிந்து இரு கட்சியாரும் சற்றே நெருங்குவர் என்றுதானே நாம் எண்ணுவோம்? 1979இல் வெளியான முடிவு அதற்கு நேர் விரோதமாக இருந்தது. தம் கொள்கைக்கு இசைந்த ஆராய்ச்சியை நேர்த்தியானது என்று மெச்சியவர்கள், இசையாததில் குற்றங்களை அடுக்கினர். ஒரு சாராருக்குச் செம்மையாகத் தோன்றிய முறையே மறு சாராருக்குக் கோணலாகத் தோன்றிற்று. படித்து முடித்தபின் தம் கொள்கை முன்னினும் வலுத்துவிட்டதாக இரு சாராரும் அறிவித்தனர்.

இந்நோய்க்கு மருந்து உண்டா என்று லார்டும் லெப்பரும், எலிசபெத் பிரஸ்டன் என்பவருடன் சேர்ந்து 1984இல் ஆராய்ந்தனர். சிலரிடம், நீதிபதியைப் போலவும் ஜூரியைப் போலவும் பட்சபாதமின்றிச் சீர்தூக்குங்கள் என்று சொல்லப்பட்டது. ஒரு பயனும் விளையவில்லை. வேறு சிலரிடம், இதே ஆராய்ச்சி நேர்மாறான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பை அளித்திருப்பேனா என்று அடிக்கடி கேட்டுக்கொள்ளுங்கள் எனப்பட்டது. சாய்வு மறைந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. நடுநிலையாய் இரு என்று எவனிடம் சொன்னாலும், நான் அப்படித்தானே இருக்கிறேன் என்பான். எதிர்த்தரப்பின் வழக்கை வாதித்துப் பார் என்றாலோ, அவன் செய்து தீரவேண்டிய வேலை ஒன்று கையில் வந்து விழுகிறது.

சார்லஸ் டார்வின் இவ்வேலையைத் தாமே தமக்கு விதித்துக்கொண்டவர். தம் கொள்கைக்கு மாறான செய்தி ஏதேனும் எதிர்ப்பட்டால் அதனை அக்கணமே குறித்துவைப்பது அவர் வழக்கம். சாதகமானவற்றைவிட அத்தகையவையே விரைந்து மறந்துபோகின்றன என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் எடுத்துரைக்கும் பூர்வபட்சம் நம் நாட்டுத் தர்க்க மரபுக்கும் புதியதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைக் கூறும் பரபக்கத்தை முன்வைத்தே தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு வருகிறார். ஆயினும், மறுப்பதற்காகப் பிறன் கொள்கையை எடுத்துரைப்பது வேறு. தன் கொள்கை ஆட்டங்காணும் என்று அறிந்தே அவன் வழக்கை மெய்யாக வாதிப்பது வேறு. பின்னதே அரிது.

இன்று மாலைப் பத்திரிகையில் உங்கள் உள்ளத்துக்கு உகந்த புள்ளிவிவரம் ஒன்று அகப்படுமானால், அதன் முடிவை மாத்திரம் தலைகீழாக்கி மற்றொரு முறை படித்துப் பாருங்கள். அப்போது கண்ணில் படும் குறைகளை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.